சோலைமந்தி இருக்கும் இடம்

வால்பாறையைப் பற்றி வரும் படங்களைக் கவனித்தால் பெரும்பாலும் இரண்டு வகைதான் தேறும். ஒன்றில் மலைச்சரிவு முழுக்கத் தேயிலை, மேலே மூடுபனி, நடுவே வளைந்து போகும் சாலை. ஆள் இருக்க மாட்டார், விலங்கும் இருக்காது. இன்னொன்றில் சோலைமந்தியின் கறுத்த முகமும் வெள்ளிப் பிடரியும் படத்தை நிறைத்திருக்கும். பின்னால் மங்கலாக ஒரு பச்சை. அது உட்கார்ந்திருப்பது எந்த மரம், அந்த மரம் எங்கே நிற்கிறது, அதன் அடியில் போவது ஆறா சாலையா என்று படம் சொல்லாது. தேயிலையை எடுக்க வருகிறவர் அகல லென்ஸோடு வருகிறார், விலங்கை எடுக்க வருகிறவர் நீள லென்ஸோடு வருகிறார். இருவரும் ஒரே டீக்கடையில் நின்று பேசிவிட்டு வேறு வேறு ஊர்களைப் படமெடுத்துக்கொண்டு மலையிறங்குகிறார்கள்.

இந்தப் பயணத்தில் அந்த இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினேன். வால்பாறையைப் பொறுத்தவரை அதுதான் உண்மையான படம் என்பது என் எண்ணம். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியைச் சுற்றிலும் காடு: ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளத்துப் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். நடுவில் தேயிலையும் கொஞ்சம் காப்பியும். அந்தத் தோட்டங்களுக்கு இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. சில பல நூறு ஏக்கர் இருக்கும், சில ஒரு கோயில் நந்தவனம் அளவுதான். யானையும் சிறுத்தையும் காட்டுமாடும் இருவாச்சியும் இந்தத் துண்டுகளில் தங்கி, தேயிலையைக் கடந்து, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் ஓரமாக நடந்து வாழ்கின்றன. தேயிலையை வெட்டிவிட்டு விலங்கை மட்டும் காட்டினால் அது ஏதோ ஆழ்ந்த காட்டுக்குள் நிம்மதியாக இருப்பதாகத் தோன்றும். விலங்கை விட்டுவிட்டுத் தேயிலையை மட்டும் காட்டினால் அந்தப் பச்சை முழுவதும் இயற்கை என்று ஆகிவிடும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டி, குரங்கருவிக்கு அருகே உள்ள சோதனைச் சாவடியைக் கடந்ததும் மலை ஆரம்பிக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. கீழே வறண்ட முட்புதர்க் காடும் பாறையும். பாதி ஏறியதும் ஈரம். அட்டகட்டி வந்துவிட்டால் குளிர் தெரியும். இவ்வளவு குறைந்த தூரத்தில் இத்தனை விதமான காடுகளைக் காட்டும் சாலை தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. முடிந்தால் பேருந்திலாவது வண்டியிலாவது விடியும் நேரத்தில் ஏறுங்கள். கார் என்றால் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிரூட்டிய வண்டியிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும், அது உலர்வதற்குள் நிற்கிற விலங்கு போய்விடும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கமும் அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியும் கண்ணுக்கு எட்டும் வரை விரியும். அந்தப் பகுதியின் பாறைச் சரிவுகளில்தான் வரையாடுகள் தென்படும். உலகத்திலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும் வாழும் விலங்கு, நம் மாநில விலங்கு, பொதுவாக உயர்மலைப் புல்வெளிகளில் ஏறிப் போய்த் தேட வேண்டியது, இங்கே தார்ச்சாலையின் தடுப்புச் சுவரில் வந்து நிற்கிறது. நான் போன காலையில் ஒரு பெட்டையும் அதன் குட்டியும் சுவருக்கு மேலே இருந்த பாறையில் நின்றன. சற்று உயரத்தில் முதிர்ந்த கிடா ஒன்று. வயதான கிடாவின் உடல் கருத்து, முதுகில் சேணம் போட்டதுபோல் ஒரு வெளிர்ப்பட்டை விழுந்திருக்கும்; தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

எனக்கு முன்னால் வந்திருந்த இரண்டு இளைஞர்கள் பெரிய லென்ஸோடு குட்டியின் கண்ணைக் குறிவைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல படமாகத்தான் வந்திருக்கும். நான் பின்னால் நகர்ந்து, 24 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, சாலையோரத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது தாய் ஆடு வானத்துக்கு எதிரே நின்றது. அதன் கால்களுக்குக் கீழே செங்குத்தான பாறை, பாறைக்குக் கீழே நீர்த்தேக்கம், இடது ஓரத்தில் சாலையும் மஞ்சள் எண் பலகையும். இந்த விலங்கின் கதை முழுவதும் அந்தப் பாறையில்தான் இருக்கிறது. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஒரே தாவில் எவரும் தொடர முடியாத செங்குத்துக்குப் போய்விடுவதுதான் அதன் தற்காப்பு. பாறையை வெட்டி எறிந்துவிட்டு ஆட்டை மட்டும் காட்டினால் பார்ப்பவருக்கு அது ஒரு பழுப்பு நிற ஆடு, அவ்வளவுதான்.

வரையாட்டை முதன்முதலில் முறையாகக் கணக்கெடுத்தவர்களில் ஒருவர் குன்னூரில் வாழ்ந்த இ.ஆர்.சி. டேவிதார். தொழிலால் வழக்கறிஞர், மனத்தால் காட்டுயிர் ஆர்வலர், கேமராவும் கையுமாக மலையேறியவர். 1975இல் அவர் மேற்கொண்ட ஆய்வு இன்றைக்கும் அடிப்படை. அவர் நினைவாகத் தமிழ்நாடு அரசு அக்டோபர் 7ஆம் தேதியை வரையாடு தினமாக அறிவித்திருக்கிறது. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், அடுத்த ஆண்டு 1,303. கணக்கெடுக்கும் இடங்களும் முறையும் செம்மைப்பட்டதாலும் எண்ணிக்கை கூடும் என்பதால் இதை முழுக்கவும் பெருக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் மகிழ்ச்சி தரும் எண்தான். அந்த ஆயிரத்துச் சொச்சம் உயிர்களில் ஒன்று சாலையோரத்தில் நிற்கும்போது பிஸ்கட்டை நீட்டிப் பக்கத்தில் இழுத்துப் படமெடுப்பது எனக்குத் தாங்க முடியாத காட்சி. பிஸ்கட் தின்னப் பழகிய ஆடு வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவரும். பாறையில் அதை ஒன்றும் செய்ய முடியாது, சாலையில் எந்த வண்டியும் எதுவும் செய்யலாம்.

அட்டகட்டிக்கு மேலே சோலைக்காடு சாலையை இருபுறமும் நெருக்குகிறது. சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை ஓடைச் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும். கருமந்தி, மலை அணில் இரண்டும் இந்தப் பகுதியில் கண்ணில் படும். மழைக்காட்டில் படமெடுப்பவருக்கு முதல் எதிரி வெளிச்சம். நண்பகலிலும் அடியில் இருட்டு, இலைகளின் மேலே பளீர். ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்கக் கூடாது. படத்தில் கொஞ்சம் பொறிப்பொறியாக வந்தாலும் அசைந்து கலங்கிப் போவதைவிட மேல். வானம் மூடியிருக்கும் நாள்தான் காட்டுக்கு நல்ல நாள். வெயில் புள்ளிபுள்ளியாக விழாமல் எல்லா இலையும் தன் நிறத்தோடு தெரியும். ஈர இலையின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டியை மாட்டினால் பச்சைக்குள் எத்தனை பச்சை என்பது அப்போதுதான் விளங்கும். மழைக்காலத்தில் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து திரும்பிவிட வேண்டியதில்லை. முழங்கால் வரை ஏறும் அட்டை உறை விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், புகையிலையோ உப்போ மூட்டை கட்டிக் கொடுப்பார்கள்.

பிறகு திடீரென்று காடு முடிந்து தேயிலை. அந்த மாற்றத்தை யாரும் படமெடுப்பதில்லை. ஒரு திருப்பத்துக்கு இந்தப் பக்கம் முப்பது மீட்டர் உயர மரங்கள், அந்தப் பக்கம் இடுப்பளவுக்குக் கத்தரித்த புதர்கள், நடுவே கோடு கிழித்தது போன்ற விளிம்பு. ஒரு காலத்தில் பீடபூமி முழுக்கவே முதல் பக்கம் போலத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வந்து காட்டைத் திருத்திக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். திருத்தினார்கள் என்று சொன்னாலும் கோடரி பிடித்தவர்கள் சமவெளியிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த ஏழைத் தமிழர்கள். மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்கள் பட்ட பாட்டை, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது; பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அதுவே தூண்டுதல். வால்பாறைக்குக் கேமராவோடு போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போனால் சரிவுகளை வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தேயிலைச் சரிவு படத்துக்கு எளிதாக அமைந்துவிடும் காட்சி. வரிசைகள் தாமாகவே கண்ணை உள்ளே இழுத்துச் செல்லும், மூடுபனி பின்னணியைத் துடைத்துக் கொடுக்கும், நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் அளந்து நட்டதுபோல் நிற்கும். அந்த மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இப்படி எளிதில் கிடைக்கும் அழகு படமெடுப்பவரைச் சீக்கிரம் திருப்திப்படுத்திவிடுகிறது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும்: மூடுபனி நிறைந்த காட்சியைக் கேமரா தன்போக்கில் அளந்தால் அழுக்குச் சாம்பலாக்கிவிடும். ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணும். ஆகவே ஒரு ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும்; அப்போதுதான் பனி பனியாக இருக்கும்.

கொழுந்து பறிக்கும் பெண்களை எடுக்க வண்டியை நிறுத்துகிற எல்லோரும் தூரத்திலிருந்தே லென்ஸை நீட்டுகிறார்கள். நான் இறங்கிப் போய்க் கேட்டேன். கையில் கத்தரியோடு நின்ற மூத்த பெண் ஒருவர், "எடுத்துக்கோங்க சார். ஆனா இந்தப் பக்கமா வராதீங்க, கீழ சதுப்புல காலைல ஆனை நின்னுச்சு" என்றார். வேறு சிலர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இப்போது இந்தத் தோட்டங்களில் நிறைய. அந்தச் சதுப்பைக் காட்டும்படி அந்த அம்மாவையே கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். தேயிலை வரிசைகளின் அடிவாரத்தில் ஓடைக்கரையை ஒட்டி நாணலும் சில மரங்களும் அடர்ந்த ஒரு பட்டை. பகலில் யானைக்கூட்டம் ஒதுங்குகிற இடம் அதுதான். அவர் நீட்டிய கையையும் அந்தப் பட்டையையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது. யானை அதில் இல்லை, ஆனால் யானையைப் பற்றி அது சொல்லும் அளவுக்கு வேறொரு படமும் எனக்குச் சொல்லவில்லை.

புதுத்தோட்டம் வால்பாறை ஊரை ஒட்டியே இருக்கிறது. தொண்ணூறு ஹெக்டேர் அளவுள்ள ஒரு காட்டுத் துண்டு, அதில் பழைய காப்பிச் செடிகள், பலா மரங்கள், நடுவே நெடுஞ்சாலை. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சோலைமந்தி, சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள், காட்டில் எஞ்சியிருப்பவை நாலாயிரத்துக்கும் குறைவு என்று கணிக்கிறார்கள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை இந்தச் சிறு துண்டிலும் சுற்றியுள்ள வீட்டுக் கூரைகளிலும் வாழ்கின்றன. வேறு இடங்களில் இவை வெடிபலாவின் பூவும் விதையும் தேடி மர உச்சியைவிட்டு இறங்காமல் வாழும் பிராணிகள். ஒரு நாள் முழுக்க நடந்தாலும் கிளை அசைவது மட்டும்தான் தெரியும். இங்கே உச்சியில் உச்சி கோத்துப் போவதற்கு மரங்கள் போதவில்லை. தரைக்கு இறங்கின, சாலையைக் கடந்தன, வண்டியில் அடிபட்டன.

இதைத் தடுக்க இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கேன்வாஸ் பட்டைகளைக் கட்டித் தொங்குபாலங்கள் அமைத்திருக்கிறார்கள். குரங்குகள் அவற்றைப் பழகிக்கொண்டு போய் வருகின்றன. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் (என்சிஎஃப்) காவலர்களையும் நிறுத்தியிருக்கிறது. கூட்டம் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவதும், தீனி போடுகிறவர்களைத் தடுப்பதும் அவர்கள் வேலை. வெயிலோ மழையோ, நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரே வேண்டுகோளை நூறு வண்டிக்காரர்களிடம் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். இந்த நாட்டின் காட்டுயிர்ப் பாதுகாப்பில் நான் பார்த்த மிகப் பொறுமையான உழைப்பு அது.

நான் நின்ற இடத்தில் கூட்டம் பலாமரத்தில் தின்றுகொண்டிருந்தது. ஓர் ஆண் கிளையில் எழுந்து நின்று "கூ... கூ" என்று தொலைவுக்குக் கேட்கும்படிக் கூவியது. குட்டியைச் சுமந்த தாய் ஒன்று தாழ்ந்த கிளைக்கு வந்தபோது எல்லாக் கேமராக்களும் அதை நோக்கித் திரும்பின. காவலர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணே, கொஞ்சம் பின்னாடி நின்னுக்கோங்க. நீங்க நிக்கிற எடத்துலதான் எறங்கப் போகுது" என்றார். நகர்ந்தேன். அவர் சொன்னதுபோலவே தாய் அங்கே இறங்கி, சாலையை நோட்டமிட்டு, குறுக்கே போனது. காவலர் கையை உயர்த்தி ஒரு லாரியை நிறுத்தியிருந்தார். பின்னால் நகர்ந்ததால் எனக்குக் காவலர், லாரி, தார்ச்சாலை, குட்டியோடு போகும் தாய், மேலே தொங்கும் பாலம் எல்லாம் ஒரே படத்தில் கிடைத்தன. முன்னாலேயே நின்றிருந்தால் குரங்கின் முகம் கிடைத்திருக்கும், அது பயந்து வேறு வழியாக லாரிக்கு முன்னால் பாய்ந்தும் இருக்கும்.

நுட்பம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூடுபனிக்கு நேர் எதிரான சிக்கல் சோலைமந்தியில். முழுக் கறுப்பு உடம்பு, சுற்றிலும் வெள்ளிப் பிடரி. கறுப்பு நெருங்கி நிறைந்தால் ஒளிமானி அதையும் சாம்பலாக்கப் பார்த்து ஒளியை அளவுக்கு மீறிக் கூட்டும். பிடரி வெளுத்து அழிந்துவிடும். முக்கால் ஸ்டாப் குறைத்து, ரா வடிவில் எடுத்து, கண்ணின் ஒளியைப் பிறகு மெல்லத் தூக்கினால் போதும். அகலமாக எடுக்கும்போது இந்தத் தொல்லை பாதி குறைகிறது, சுற்றியுள்ள இலையும் சாலையும் அளவைச் சரிசெய்து கொடுத்துவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

மாலையில் வால்பாறைச் சாலைகளில் போகிறவர்கள் சில கம்பங்களில் சிவப்பு விளக்குகளைக் காணலாம். எரிந்தால் அருகில் யானை இருக்கிறது என்று பொருள். யானை ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் அவரது குழுவினரும் ஆண்டுக்கணக்கில் யானைகளைத் தொடர்ந்து, மனிதர்கள் இறந்த சம்பவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றில் யானை அங்கே நிற்பது இறந்தவருக்குத் தெரியாது என்பது விளங்கியது. பேருந்திலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்கள், ரேஷன் வாங்கிவிட்டுத் திரும்பியவர்கள். தெரிந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பார்கள். முதலில் உள்ளூர்க் கேபிள் டிவியில் யானை இருக்கும் இடத்தை ஓடவிட்டார்கள். பிறகு கைப்பேசிக் குறுஞ்செய்தி, எழுத்துத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு, கைப்பேசியாலேயே இயக்கும் இந்தச் சிவப்பு விளக்குகள். 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது இதற்காகத்தான். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது.

இந்த ஏற்பாடு ஊர்க்காரர்கள் யானையிடமிருந்து விலகிப் போவதற்காக உண்டானது. விளக்கு எரிகிறதா என்று பார்த்து யானையை நெருங்கிப் போகிற சுற்றுலா வண்டிகளை நினைத்தால் மனம் கொதிக்கிறது. யானை அசையாமல் நின்று காதை விரித்தாலோ, துதிக்கையை நம் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தாலோ, மண்ணை வாரி எறிந்தாலோ அது நம்மைப் போகச் சொல்கிறது. அன்று விரட்டப்பட்ட யானை இரவில் லைன் வீட்டுப் பக்கம் கோபத்தோடு போகும். படமெடுத்தவர் அப்போது விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

யானையை எடுக்க நான் எதிர்ச்சரிவில் இருக்கும் சாலைதான் நல்ல இடம் என்பேன். நான் எடுத்தபோது நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருந்தது. ஆறேழு யானைகள் ஒரு குட்டியோடு தேயிலை வரிசைகளின் ஊடே ஏறின. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் படத்தில் அவை சிறு சாம்பல் புள்ளிகள்தான். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பது கீழே உள்ள ஓடைப்பட்டையில் தெரிந்தது, எங்கே போகின்றன என்பது மேலே மலைமுகட்டின் காட்டுத் துண்டில் தெரிந்தது. இடையில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில் கோபுரம், வரிசையாக ஓட்டு வீடுகள். யானைகள் இந்த வழியாகத்தான் போகின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்று சில பிள்ளைகள் யானைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிகிறது.

இப்படி எண்ணும்போதெல்லாம் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர், 1950 முதல் 1996இல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். வெவ்வேறு பாகங்களைத் தாமே சேர்த்துக் கோத்த கேமராவோடு காட்டில் நடந்தும் கும்கி யானை மேலிருந்தும் எடுத்தார். அவர் எடுத்த யானைப் படங்களில் யானை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்: தின்னும், குளிக்கும், குட்டியை நகர்த்தும். படம் எடுப்பதற்கு முன்பு அவர் அந்த விலங்கைப் படித்திருந்தார் என்பது ஒவ்வொன்றிலும் தெரியும். இன்று நம் கையில் நொடிக்கு இருபது படம் எடுக்கும் கருவி இருக்கிறது. அதோடு அவருடைய பொறுமையும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இருவாச்சியைப் பற்றிச் சொல்லாமல் வால்பாறைப் பயணம் முடியாது. பெரிய இருவாச்சி தலைக்கு மேல் பறக்கும்போது சிறகின் இரைச்சல் முதலில் வரும், பறவை பிறகு. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி வானம் கடந்திருக்கும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு மேலே வைத்துத் தயாராக இருக்க வேண்டும். காலையில் அத்தி மரம் பழுத்திருக்கும் இடத்தை விசாரித்துத் தூரத்தில் உட்கார்ந்துவிட்டால் வந்து சேரும், துரத்த வேண்டியதில்லை. இந்தப் பறவை விழுங்கித் துப்பும் விதைகளால்தான் காட்டின் பல பெரிய மரங்கள் இடம் மாறி முளைக்கின்றன. ஆகவே நான் அத்திமரத்தையும் அதன் கீழே நிற்கும் தேயிலையையும் சேர்த்தே எடுத்தேன். இந்தத் தோட்டங்களுக்கு நடுவே அழிந்துபோன மழைக்காட்டைத் திரும்ப வளர்க்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். அந்த வேலையில் இருவாச்சியும் ஒரு கூட்டாளி.

ஆனால் கூட்டுக்குப் போகாதீர்கள். இருவாச்சிப் பெட்டை பழைய பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். ஓர் இடுக்கு மட்டும் விட்டிருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆண் அந்த இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும். மரத்தடியில் ஆட்கள் நின்றால் அலகில் பழத்தோடு வந்த ஆண் இறங்காமல் தூரத்திலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே தாயும் குஞ்சும் காத்திருக்கும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் கூட்டுக்கு இடையூறு செய்வதையும் வேட்டையோடு சேர்த்தே வைத்திருக்கிறது. வழிகாட்டி ஒருவர், "கூடு ஒண்ணு இருக்கு சார், காமிக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பணம் கொடுத்துப் பார்க்க ஆள் இருக்கும்வரை அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படும்.

வால்பாறைக்குப் போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். சில நாள் கழித்துப் படத்தை வெளியிடுங்கள். யானையோ இருவாச்சியோ நிற்கும் இடத்தை அன்றைக்கே ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள், படத்தில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் அழித்துவிடுங்கள். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். காப்பகத்தில் டிரோன் பறக்கவிடாதீர்கள், அக்காமலைப் புல்வெளிக்கு அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். தின்பண்டப் பையை வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள். இருட்டிய பிறகு வளைவுகளில் மெதுவாக ஓட்டுங்கள். எடுத்த படங்களில் ஒன்றிரண்டைத் தேதியோடும் இடத்தோடும் இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற ஆய்வுத் தளங்களில் ஏற்றினால், அரிய இனங்களின் இருப்பிடத்தை அங்கே மறைத்து வைக்க வழி உண்டு, நாளைக்கு யாராவது ஓர் ஆய்வாளருக்கு அது பயன்படும்.

முகத்தை நெருங்கி எடுத்த படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஊருக்கு வந்து நண்பர்களுக்கு அனுப்பும்போது அதோடு இன்னொன்றையும் அனுப்புங்கள்: சாலையும் மின்கம்பியும் லைன் வீடும் தேயிலையும் தெரிகிற, குரங்கு எங்கோ ஒரு மூலையில் சின்னதாக உட்கார்ந்திருக்கும் படத்தை.